நோய் எந்த ஊற்றிலிருந்து வருகிறது? ஊர்ப்படம் போட்டுப் பாருங்கள்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசிய உரை)



காப்பிக்கு உரம் வைப்பது, மிளகுக் கொடிக்கு மருந்தடிப்பது பற்றியெல்லாம் வாராவாரம் பேசுகிறோம். இந்த வாரம் அது வேண்டாம். உங்கள் ஊரை நீங்களே ஒரு படமாக வரைவது எப்படி, வரைந்தால் என்ன லாபம் என்பதைச் சொல்லப்போகிறேன்.

"பொறந்து வளந்த ஊரு எங்களுக்குத் தெரியாதா சார், அதுக்கு எதுக்குப் படம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஊரில் யாருக்கு என்ன தெரியும்? மாடு மேய்க்கிறவருக்கு ஓடை எங்கே மண்டுகிறது என்று தெரியும். தண்ணீர் தூக்குகிற அம்மாவுக்கு எந்த ஊற்று பங்குனியில் வற்றுகிறது என்று தெரியும். எந்த வீட்டுக் குழந்தைக்குப் போன மாதம் வயிற்றுப்போக்கு என்பது நர்சம்மாவின் பதிவேட்டில் இருக்கும். யார் நிலம் எது என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கும். எத்தனை குழாய் போட்டோம் என்பது பஞ்சாயத்து எழுத்தரிடம். எத்தனை ஏக்கர் காப்பி, எத்தனை ஏக்கர் சாமை என்பது எங்களைப்போன்ற ஆட்களிடம். நாலு நோட்டு, நாலு இடம். ஒரு நோட்டு இன்னொரு நோட்டோடு பேசுவதில்லை. இவற்றையெல்லாம் ஒரே தாளில், அது அது இருக்கிற இடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். எந்த நோட்டிலும் இல்லாத சேதி ஒன்று அந்தத் தாளில் தெரியும்.

இது புது வித்தை இல்லை. 1854-ம் வருஷம் ஆகஸ்டு கடைசியில் லண்டன் நகரத்தில் சோஹோ என்கிற பகுதியில் காலரா கண்டது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே அப்போது நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும் தண்ணீரின் மேல் சந்தேகப்பட்டார். செத்தவர்கள் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று விசாரித்தார். பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பைச் சுற்றித்தான் சாவு குவிந்திருந்தது. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. ஏன்? ஆலைக்குள்ளேயே தனிக்கிணறு, தாகத்துக்கு அவர்கள் பீரைத்தான் குடித்தார்கள்! செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அதற்குள்ளாகவே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஸ்நோ, செத்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டுத் தெருப்படம் வெளியிட்டார். காலராக் கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்து ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானி உறுதி செய்தது 1884-ல், நம் கல்கத்தாவில். அதாவது, கிருமி எது என்று தெரிவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே, அது எங்கேயிருந்து வருகிறது என்பதைப் படம் காட்டிவிட்டது.

இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். நோய் வந்த வீட்டை மட்டும் குறித்தால் போதாது. வராத வீட்டையும் குறிக்க வேண்டும். பீர் ஆலைக்காரர்கள் சாகவில்லை என்பதுதான் பெரிய சாட்சி.

லண்டன் எதற்கு, பக்கத்தில் தர்மபுரிக்கு வாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. வயதானவர்களுக்கு முதுகும் மூட்டும் மடக்க வராது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் ஒன்றரை வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவு. கண்ணால் பார்த்தாலும் நாவில் வைத்தாலும் ஃபுளோரைடு தெரியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். ஆனால் பிள்ளையின் பல் காட்டிக்கொடுத்துவிடும். பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் பல்லில் எழுதியிருக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்குக் கறை என்று ஊர்ப்படத்தில் குறித்தாலே, எந்தக் கிணற்றை முதலில் பரிசோதனைக்கு அனுப்புவது என்று தெரிந்துபோகும். அந்த இரண்டு மாவட்டத்துக்காகவே போட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

சரி, நம் மலைக்கு வருவோம். சமவெளி ஊர்ப்படத்துக்கும் மலை ஊர்ப்படத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சமவெளியில் எது எதற்குப் பக்கம் என்று பார்த்தால் போதும். மலையில் எது எதற்கு மேலே என்று பார்க்க வேண்டும். நூறு அடி தள்ளி இருந்தாலும் கீழே இருக்கிற குழி உங்கள் ஊற்றைக் கெடுக்காது. மேலே இருக்கிற குழி கெடுக்கும். ஆகவே படத்தில் முதல் வேலை, சரிவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவது.

சேர்வராயன் மலையின் உச்சிகளில் செம்மண்ணும் பாக்சைட் கல்லும் தொப்பி போட்ட மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் சார்னோக்கைட் என்கிற கடினப் பாறை. தொப்பி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பாறை தட்டுகிற இடத்தில் மெல்ல மெல்லக் கசிய விடுகிறது. நீங்கள் குடிக்கிற ஊற்றுகள் பலவும் இப்படி வருபவைதான். எனவே ஊற்று இருக்கிற இடத்தை மட்டும் குறித்துவிட்டு நிற்காதீர்கள். அதற்கு மேலே ஏறிப்போய், அந்த ஊற்றுக்கு மழையைக் கொடுக்கிற சரிவு முழுவதையும் வளைத்துக் கோடு போடுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது? சோலையா, காப்பித் தோட்டமா, பாக்சைட் வெட்டிவிட்டுப் போன பள்ளமா, புதிதாகக் கட்டின விடுதியா, அதன் கழிவுநீர்த் தொட்டியா? ஊற்றின் ஜாதகம் அந்த வளையத்துக்குள் இருக்கிறது.

படம் போட ஆர்ட்டிஸ்ட் வேண்டாம். முதலில் தரையில் போடுங்கள். கோயில் முன்னாலோ பள்ளிக்கூட மைதானத்திலோ பெருக்கிவிட்டு, கோலமாவால் ரோடும் ஓடையும் இழுங்கள். வீட்டுக்கு ஒரு பலாக்கொட்டை, ஊற்றுக்கு ஒரு வெள்ளைக் கல், கழிப்பறைக்கு ஒரு கரித்துண்டு, நோய் கண்ட வீட்டுக்கு ஒரு காப்பிப் பழம். தப்பாக வைத்தால் எடுத்து மாற்றி வைக்கலாம். தாளில் பேனாவால் போட்டால் படித்தவன்தான் பேசுவான். தரையில் போட்டால் கிழவியும் குந்தி உட்கார்ந்து "இங்க இல்லடா, இன்னும் மேல" என்பாள். அந்த "இன்னும் மேல"தான் நமக்கு வேண்டும். எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு தாளில் பிரதி எடுங்கள். கிராம வரைபடமும் புலப்படமும் தாலுகா ஆபீஸில் நகல் கிடைக்கும்; அளவு சரிபார்க்க அது உதவும்.

ஒன்று கட்டாயம். ஆண்கள் தனியாக ஒரு படம், பெண்கள் தனியாக ஒரு படம். சேர்த்து உட்கார வைத்தால் ஊர்க்கவுண்டர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். ஒரு சிற்றூரில் ஆண்கள் போட்ட படத்தில் ரோடு, கோயில், தோட்டம், பஸ் நிற்கிற இடம், டீக்கடை எல்லாம் இருந்தது. பெண்கள் போட்டதில் டீக்கடையைக் காணோம். அதற்குப் பதில் நாலு ஊற்று, விறகு பொறுக்கும் காடு, துணி துவைக்கும் பாறை, காட்டுமாடு நிற்கிறதால் விடியற்காலையில் போகப் பயப்படுகிற வளைவு, எல்லாம் இருந்தது. நாலு ஊற்றில் இரண்டுதான் ஆண்களுக்குத் தெரிந்திருந்தது! இரண்டு படமும் மெய்தான். இரண்டையும் சேர்த்தால்தான் ஊர்.

இப்போது கணக்குக்காக ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். மேல்தெருவில் 22 வீடு, கீழ்த்தெருவில் 18 வீடு, ஆக 40. ஐப்பசி மழையில் 9 வீட்டில் வயிற்றுப்போக்கு. அதில் 7 வீடு கீழ்த்தெரு. உடனே மேல்தெருக்காரர் என்ன சொல்வார்? "அவங்களுக்குச் சுத்தம் பத்தாதுங்க." இந்தப் பேச்சு நம் ஊர்களில் எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். படத்தில் பார்ப்போம். கீழ்த்தெருவின் 18 வீட்டில் 10 வீடுதான் கீழ் ஊற்றில் தண்ணீர் எடுக்கிறது. மற்ற 8 வீட்டுக்குப் பஞ்சாயத்துக் குழாய். நோய் கண்ட 7 வீடும் அந்தப் பத்துக்குள்தான். மேல்தெருவில் நோய் கண்ட இரண்டு வீடு? குழாயில் தண்ணீர் ஏறாததால் அவர்களும் கீழ் ஊற்றுக்கு இறங்கி வருகிறவர்கள். ஆக, கீழ் ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் 12 வீட்டில் 9-க்கு நோய்; குடிக்காத 28 வீட்டில் ஒன்றுக்குக்கூட இல்லை. அந்த ஊற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் மேலே பார்த்தால், மேல்தெருவில் போன வருஷம் தோண்டின கக்கூஸ் குழி! தெரு காரணமில்லை, சுத்தம் காரணமில்லை. குழி காரணம். இந்த உண்மையை வாயால் சொன்னால் சண்டை வரும். தரையில் பலாக்கொட்டையும் காப்பிப் பழமும் சொன்னால் யாரோடு சண்டை போடுவது?

குழிக்கும் ஊற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பாறை வெடிப்பு உள்ள மலையில் இதுவும் போதாது. ஊற்றுக்கு நேர் மேலே குழியே கூடாது.

படம் சந்தேகத்தைக் காட்டும். நிரூபிக்கப் பரிசோதனை வேண்டும். 1982-ல் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் ஒரு சுலபமான சோதனையைக் கண்டுபிடித்தார்கள். மருந்து தடவிய சின்னப் புட்டியில் தண்ணீரை நிரப்பி மூடி வைத்துவிட வேண்டும். மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துப்போகும். அவ்வளவுதான், மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சமவெளியில் ஒரு ராத்திரி தாண்டினாலே தெரிந்துவிடும். நம் ஏற்காட்டுக் குளிரில் கிருமி சோம்பேறியாக இருக்கும். புட்டியைச் சட்டைப் பையிலோ, அடுப்பங்கரையில் கதகதப்பான இடத்திலோ வைத்து இரண்டு நாள் பாருங்கள். மறுநாள் காலையில் கறுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். பரணில் தூங்கினால் இறக்கச் சொல்லுங்கள்.

புட்டி கறுத்தால் அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். தொட்டித் தண்ணீரானால் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பிடிக்கலாம். குழந்தைக்குப் போக்கு கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

நம் தொழிலிலிருந்தே வருகிற கேடும் ஒன்று உண்டு. கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறித்துப் பல்ப்பிங் எந்திரத்தில் தோல் உரிக்கிறோம். அந்தக் கழுநீர் இனிப்பும் பசையுமாக ஓடையில் போய்ப் புளித்து, தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. தண்ணீர் கறுத்து நாறும். மீன் செத்து மிதக்கும். கீழே இருக்கிற ஊர்க்காரன் அந்த ஓடையில்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். ஆகவே எந்திரம் ஓடுகிற இடங்களையும் படத்தில் குறியுங்கள், நம்முடையதையும் சேர்த்து. கழுநீரைக் குழி வெட்டித் தேக்கி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்துத்தான் விட வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

படத்தைப் பருவத்துக்கு ஒரு தரம் போடுவது உத்தமம். கோடையில் எந்த ஊற்று வற்றுகிறது, மழையில் எது கலங்குகிறது, பறிப்புக் காலத்தில் எந்த ஓடை நாறுகிறது என்று தனித்தனி டிரேசிங் தாளில் எடுத்து, அடிப்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிற வேலையும் அடிப்படையில் இதுதான். "செயற்கைக்கோள் படமே செல்போனில் வருதே, அப்பறம் என்ன சார்?" என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். இஸ்ரோவின் புவன் 2009-ல் இருந்தே இருக்கிறது, பார்க்கலாம். ஆனால் நம் மலையில் மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? சில்வர் ஓக் மரத்தின் தலை தெரியும். அந்த நிழலுக்குக் கீழே இருக்கிற குடிசையும் ஊற்றும் ஒற்றையடிப் பாதையும் வானத்துக்குத் தெரியாது. கீழே நடக்கிற உங்களுக்குத்தான் தெரியும். இடத்தின் குறியீட்டு எண்ணைச் செல்போனில் எடுத்து, உங்கள் படத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் சேரட்டும்.

மழை அளவையும் சேர்க்கலாம். நேர்ச்சுவர் உள்ள டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு ஸ்கேலால் அளந்தால் அதுவே மழைமானி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. எந்த எந்த இடத்தில் சரிந்தது, அன்றைக்கு எவ்வளவு மழை, சரிவுக்குக் கீழே எத்தனை வீடு என்று படத்தில் இருந்தால், அடுத்த மழைக்கு யாரை முதலில் எழுப்புவது என்று தெரியும்.

இன்னொரு லாபம், நம் தொழிலுக்கே உரியது. அராபிகா காப்பியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விழுந்த செடிகளையும் இதே போலத் தோட்டப் படத்தில் புள்ளி வையுங்கள். நிழல் குறைந்த பக்கத்தில்தான் புள்ளி அடர்த்தியாக விழும். வண்டு பறக்கும் பருவங்கள் சித்திரை வாக்கிலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலும். அதற்கு முன்னால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். படம் இருந்தால் எங்கே தேடுவது என்று அலைய வேண்டாம்.

பிற இடங்களில் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். கேரளத்தில் கண்ணூர் பக்கம் கல்யாச்சேரிப் பஞ்சாயத்தில் 1990-களின் தொடக்கத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்களும் ஊர்க்காரர்களும் சர்வே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே மண்ணையும் நீரையும் நிலப் பயனையும் குறித்தார்கள். பிறகு 1996-ல் அந்த மாநிலத்தில் மக்கள் திட்டம் வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பிறப்பு, இறப்பு, நோய்க் கணக்கைப் பல வருஷங்களாக ஊர்வாரியாக வைத்து வருகிறது. அது பெரிய கல்லூரியின் வேலை. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு தாளும் ஒரு நோட்டும் போதும்.

ஆனால் எதை எழுதக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு எண் கொடுங்கள், பெயர் எழுதாதீர்கள். எண்ணுக்கு யார் என்பது தனி நோட்டில், நர்சம்மாவிடம் இருக்கட்டும். காசநோய், தொழுநோய், எய்ட்ஸ், மனநோய் இவற்றைச் சுவரில் மாட்டுகிற படத்தில் புள்ளியாகக்கூட வைக்காதீர்கள். நாலு வீட்டுச் சிற்றூரில் ஒரு புள்ளி வைத்தால் ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரி. பிறகு அந்த வீட்டில் பெண் எடுக்க யார் வருவான்? அதே போல மூலிகை எங்கே, காட்டுத்தேன் எங்கே, வற்றாத ஊற்று எங்கே என்று எல்லாம் போட்ட படத்தைக் கேட்கிறவனுக்கெல்லாம் நகல் கொடுக்காதீர்கள். விடுதி கட்ட இடம் தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. படம் ஊருக்குச் சொந்தம். பூட்டிச் சாவியைப் பெண்கள் குழுவிடம் கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

படத்தை எங்கே கொண்டுபோவது? கிராமசபைக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளோடு, 2022-ல் இருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து வருஷத்துக்கு ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊற்றுப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். "தண்ணி கெட்டுப்போச்சு, ஏதாவது பண்ணுங்க" என்று சொன்னால் மினிட்டில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். "கீழ் ஊற்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் மேலே குழி, பரிசோதனைப் புட்டி கறுத்தது, 12 வீட்டில் 9 வீட்டுக்கு நோய், குழியை மாற்றப் பணம் வேண்டும்" என்று படத்தோடு தீர்மானம் போட்டால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். நானும் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவன் என்பதால் சொல்கிறேன்.

"ஊத்து ரிசர்வ் காட்டுக்குள்ள இருக்குதுங்க, குழாய் போட விடமாட்டாங்க" என்று பலரும் சொல்கிறார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாலை, பள்ளி, அங்கன்வாடி போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராமசபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்கலாம். எக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. நிலத்துக்கு உரிமை கோரும்போதும் வன உரிமைக் குழு அடையாளங்களோடு வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆக, ஊற்றும் பாதையும் மேய்ச்சலும் குறித்த உங்கள் படம் அங்கேயும் செல்லும்.

வருகிற மழைக்கு முன் தொடங்கினால் நல்லது. முதல் நாள் தரையில் படம். இரண்டாம் நாள் ஊற்று ஊற்றாக நடை. மூன்றாம் நாள் புட்டியில் தண்ணீர். கோலமாவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சர்வே நகல் எடுப்பதிலும் அளவு பார்ப்பதிலும் உதவி வேண்டுமென்றால் வட்டார விரிவாக்க மையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.